வேரில் கட்டிய கவர்

அப்பாவுக்கு முட்டு தேய்ந்து குனிய முடியாமல் போன வருஷம்தான் தென்னைக்கு வேரில் மருந்து கட்டும் வேலை என் கைக்கு வந்தது.

எங்கள் விளை, அதாவது தோட்டம், கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் நடுவே இருக்கிறது. பெரும்பகுதி ரப்பர். வீட்டைச் சுற்றி இருபது மூடு தென்னை, கிணற்றடியில் கொஞ்சம் மட்டி வாழை, வேலி ஓரமாக மரச்சீனி என்கிற மரவள்ளி. நான் வேலை பார்ப்பது நாகர்கோவிலில். சனி, ஞாயிறு மட்டும்தான் மண்ணில் கால் படும். அதனால் அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் மண்வெட்டியும் கையுமாக நின்றேன்.

மூட்டிலிருந்து, அதாவது மரத்தடியிலிருந்து, இரண்டு மூன்றடி தள்ளி மெதுவாகத் தோண்ட வேண்டும். பென்சில் பருமனில் உயிருள்ள வேராக ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். காய்ந்து கறுத்ததும் ஆகாது, வெளுத்த இளவேரும் ஆகாது. கிடைத்த வேரைக் கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக் 40 மில்லி, தண்ணீர் 160 மில்லி. இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கலந்து, வேரின் வெட்டு முனை கவரின் அடியைத் தொடும்படி நுழைத்து, வாயைச் சணலால் கட்டி, மேலே லேசாக மண் போட்டு மூடிவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

மறுநாள் காலையில் மண்ணை விலக்கிப் பார்த்தேன். கவர் காலி. கசிந்த தடம் இல்லை, மண்ணும் நனையவில்லை.

"மரம் குடிச்சிட்டு மக்ளே," என்றார் அப்பா, ஒன்றுமே நடக்காதது போல.

கூடவே நின்ற அண்ணன் மகனுக்கு அது போதவில்லை. ஏழாம் வகுப்பு. "யாரு அத்தே உறிஞ்சினா?" என்று கேட்டான். மரம் என்றேன். "மரத்துக்கு வாய் இல்லையே, மோட்டாரும் இல்லையே" என்றான். பள்ளிக்கூடத்தில் படித்த சைலம், புளோயம் எல்லாம் எனக்கு நினைவில் இருந்தது, ஆனால் பெயர்களாக மட்டும்தான். அவன் கேட்டதற்கு அந்தப் பெயர்கள் பதில் ஆகாது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

உறிஞ்சுவது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் கிணறு வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். தரைமேல் மோட்டாரை வைத்தால் ஓர் ஆழத்துக்குக் கீழே அது தண்ணீர் எடுக்காது. எத்தனை குதிரைச் சக்தி என்பதெல்லாம் அங்கே செல்லாது. அதனால்தான் கிணற்றுக்குள்ளே திட்டுக் கட்டி மோட்டாரை இறக்கி வைத்தார்கள், பிறகு தண்ணீருக்குள்ளேயே முழுக்கும் மோட்டார் வந்தது. காரணம் எளிது. மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் காற்றை எடுத்துவிடுகிறது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. காற்றால் அப்படித் தள்ள முடிந்த உயரம் 10.3 மீட்டர், ஏறக்குறைய 34 அடி. நடைமுறையில் அதுவும் கிடைக்காது. எங்கள் வீட்டுத் தென்னையோ அறுபதடிக்கு மேல். கொண்டையில் இருக்கும் ஓலைக்குக் காலையில் கட்டிய கவரிலிருந்து தண்ணீர் போயிருக்கிறது என்றால், இது மோட்டார் செய்யும் வேலை இல்லை.

நுண்குழாயில் தண்ணீர் தானாக ஏறும் என்று ஒரு பாடம் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற கதை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைமுடிப் பருமனுள்ள குழாயில் தண்ணீர் தானாக ஏறும் உயரம் ஒன்றேகால் அடி, முட்டுக்குக் கீழே. தென்னையை விடுங்கள், மரச்சீனிக்கே போதாது.

அடுத்தது, வேர் கீழிருந்து தள்ளுகிறதா? தள்ளுகிறது, அதைக் கண்ணால் பார்க்கலாம். குலை வெட்டிய வாழையைச் சாயங்காலம் மூட்டுக்குச் சற்று மேலே அறுத்து, நடுவில் குழியாகக் குடைந்து, இலையால் மூடிவைத்தால் விடியும்போது குழி நிறையத் தண்ணீர் நிற்கும். பாட்டா அதை மருந்து என்று குடிப்பார். சேம்பு இலையின் நுனியில் அதிகாலையில் சொட்டிக்கொண்டிருக்கும் துளியும் பனி அல்ல. செடி இரவெல்லாம் வேரால் தள்ளிய தண்ணீர் போக வழியில்லாமல் நுனியில் வந்து நிற்கிறது. வேர் செல்கள் உப்புகளை உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன, உப்பைத் தேடித் தண்ணீர் உள்ளே வருகிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இதற்குத்தான் வேரழுத்தம் என்று பெயர். ஆனால் இது இரவுக்காரன். இலைகள் அதிகமாகத் தண்ணீர் செலவழிக்கிற நடுப்பகலில் இந்தத் தள்ளு இல்லாமலே போய்விடும். தேவைப்படும் நேரத்தில் ஆளைக் காணோம் என்றால் அதை நம்பி மரம் அறுபதடி வளராது.

இந்தக் கேள்வி பழையது. 1720-களில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தொட்டியில் நின்ற சூரியகாந்திச் செடியைத் தினமும் தராசில் வைத்து, அது எவ்வளவு தண்ணீரைக் காற்றில் விடுகிறது என்று எழுதி வைத்தார். திராட்சைக் கொடியை அறுத்து, அறுத்த மூட்டில் கண்ணாடிக் குழாய் பொருத்தி, வேர் எவ்வளவு உயரம் தள்ளுகிறது என்றும் பார்த்தார். எங்கள் பாட்டா வாழை மூட்டில் செய்ததுதான், பாட்டா அளக்கவில்லை, குடித்துவிட்டார். ஹேல்ஸ் இரண்டையும் ஒப்பிட்டு, மேலே இலை ஆவியாக விடுவதுதான் பெரிய இழுப்பு என்று கிட்டத்தட்டச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆனால் உயிருள்ள மரத்தில் உயிருள்ள செல்கள்தானே தண்ணீரை ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் லேசில் போகவில்லை. நம் ஜகதீஷ் சந்திர போஸ் அதைத்தான் நம்பினார். தண்டுக்குள் ஓர் அடுக்குச் செல்கள் இதயம் போலத் துடித்துத் துடித்துத் தண்ணீரை மேலே அனுப்புகின்றன என்று 1923-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். போஸின் கருவிகளைப் பற்றிப் படித்தால் இன்றும் மலைப்பாக இருக்கும், ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது நிற்கவில்லை. அதற்கு முப்பது வருஷம் முன்பே எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் மரங்களை அடியில் அறுத்து விஷக் கரைசலில் நிறுத்திவைத்துப் பார்த்திருந்தார். விஷம் ஏற ஏறத் தண்டின் செல்கள் செத்தன. தண்ணீர் ஏறுவது நிற்கவில்லை. துடிக்க ஆளில்லாத மரத்திலும் ஏறிக்கொண்டே இருந்தது.

இது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை, யோசித்துப் பார்த்தபோது. சிவப்புக் கூன்வண்டு விழுந்த தென்னைக்கு முன்பெல்லாம் இதே மாதிரி வேரில் கவர் கட்டிப் பூச்சிமருந்து கொடுப்பார்கள். கொடுத்தால் 45 நாளைக்குக் காய் வெட்டக் கூடாது என்பது கட்டளை. வேரில் வைத்த விஷம் கொண்டைவரை போய்விடும் என்பதை ஊரே அறிந்துதான் வைத்திருந்தது. மரம் அதை விஷம் என்று அறிந்து மறுக்கவில்லை, ஏனென்றால் தண்ணீர் போகும் அந்தக் குழாய்களே செத்த குழாய்கள். சைலம் நாளங்கள் வேலைக்கு வருவதற்கு முன்பே அவற்றின் செல்கள் உயிரை விட்டுச் சுவர் மட்டும் மிஞ்சிய வெற்றுக்கூடுகள் ஆகிவிடும்.

சரியான விடையை 1894-இல் டப்ளினில் ஹென்றி டிக்ஸனும் ஜான் ஜோலியும் சொன்னார்கள். தண்ணீர் ஒரு கயிறு. அவ்வளவுதான். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்கின்றன. மெல்லிய குழாய்க்குள், நடுவில் காற்று புகாமல் நின்றால், அந்தப் பிடிப்பு எஃகுக் கம்பி போல இழுவையைத் தாங்கும். மேலே இலைக்குள் செல்சுவர்களின் இடுக்குகளில் தண்ணீர் ஆவியாகும்போது, போன தண்ணீரின் இடத்துக்கு அடுத்தது வருகிறது, அதன் பின்னால் அடுத்தது, இப்படியே கயிறு முழுக்க ஓர் இழுப்பு. அந்த இழுப்பு தண்டு வழியாக, வேர் வழியாக, மண் வரைக்கும் இறங்குகிறது. எங்கள் வீட்டில் அது கவர் வரைக்கும் இறங்கியிருந்தது.

இதில் எனக்கு நெடுநேரம் பிடிபடாதது, கயிற்றின் மேல்நுனியை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான். பிடித்திருப்பது இலைச் செல்சுவரின் இழைகளுக்கு நடுவே உள்ள துளைகள். தலைமுடியின் பருமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும் துளைகள். குழாய் சிறுத்தால் தண்ணீர் அதில் உறுதியாக ஒட்டிக்கொள்ளும் என்ற அதே விளக்குத்திரிக் கணக்குதான். தண்டுக் குழாயில் ஒன்றேகால் அடி தந்த கணக்கு, இந்த நுண்துளையில் கிலோமீட்டர் கணக்கில் தாங்கும் வலுவைத் தருகிறது. அறுபதடி தென்னை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெயில் ஏறிய நேரத்தில் சாதாரண மரத்துக்குள் இந்த இழுவை காற்றழுத்தத்தைப் போல பத்து, இருபது மடங்கு இருக்கும், எதிர்ப்பக்கமாக. கிணற்று மோட்டார் ஒரு மடங்கைத் தாண்ட முடியாது. அந்தப் பையனுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப மரம் சும்மாதான் நிக்குதா?" என்று கேட்டான். தண்ணீரை ஏற்றுகிற விஷயத்தில் ஆமாம், சும்மாதான் நிற்கிறது. இழுப்பது வெயில். மரம் செய்வது இலைத்துளையைத் திறப்பதும் மூடுவதும் மட்டும்.

எங்கள் வீட்டிலிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கம். 28 தூண்கள், 115 அடி உயரம், பறளியாற்றுக்கு மேலே ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குத் தண்ணீர் நடந்து போகிறது. வரும் விருந்தாளி எல்லோரையும் அங்கே கூட்டிப் போகிறோம், அண்ணாந்து பார்க்கச் சொல்கிறோம். பாலத்தடியில் நிற்கும் மரங்களுக்குள் தண்ணீர் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

கயிறு என்றால் அறும். காற்று புகுந்தால் அந்தக் குழாயில் கயிறு அறுந்து குமிழி நிரம்பிவிடும். அறும்போது சத்தம் கேட்கும் என்பதுதான் வேடிக்கை. 1966-இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் வாடுகிற ஆமணக்கு இலையில் ஒலிவாங்கியை வைத்து, ஒவ்வொரு குழாயும் அறுகிற 'டிக்' ஓசையைக் கேட்டார்கள். நம் வேலியோரத்து ஆமணக்குத்தான். குழாய்களுக்கு நடுவே உள்ள சல்லடைச் சவ்வுகள் குமிழியை அடுத்த குழாய்க்குப் போகவிடாமல் நிறுத்துகின்றன. ரப்பர், பலா, மாமரம் எல்லாம் ஆண்டுதோறும் புதுக் கட்டை போட்டுக்கொள்வதால், அறுந்த குழாய் போனால் போகட்டும் என்று இருக்கலாம். தென்னையால் அது முடியாது. தென்னைத் தண்டு முதலில் எந்தப் பருமனில் வந்ததோ அதே பருமன்தான் கடைசிவரை. புதுக் குழாய் கிடையாது. எண்பது வயதுத் தென்னையின் அடித்தண்டில் இன்று தண்ணீர் ஏறுகிற குழாய், என் பாட்டா காலத்தில் போட்ட அதே குழாய். தென்னை வேரில் இன்னொரு விசேஷமும் உண்டு. பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டும் வேர்த்தூவிகள் அதற்குக் கிடையாது. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள இளம்பகுதியே நேராக உறிஞ்சுகிறது. தேர்வில் 'வேர்த்தூவிகள் மூலம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான், தென்னை மூட்டில் வீடு இருந்தும்.

இனி நான் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். மரத்துக்குள் இந்தக் கயிறு பகலில் இறுகுகிறது, இரவில் தளர்கிறது. எங்கள் ஜில்லாவில் பாதிப் பேருடைய விடியலை நிர்ணயிப்பது அதுதான்.

ரப்பரை எடுங்கள். எங்களுக்குப் பால்வெட்ட வரும் அண்ணன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாலு மணிக்கெல்லாம் தோட்டத்தில் நிற்பார். சின்ன வயதில், ஏன் இந்தப் பாடு, எட்டு மணிக்கு வந்தால் என்ன என்று நினைத்திருக்கிறேன். ரப்பர் பால் மரத்தின் தண்ணீர் அல்ல, சைலத்தில் வருவதும் அல்ல. பட்டைக்குள் தனியாக ஓடும் பால்குழாய்களில் இருப்பது. அந்தக் குழாய்கள் உயிருள்ளவை, தண்ணீரால் விம்மி நிற்பவை. இரவெல்லாம் மரம் குடித்து, இலை எதையும் விடாமல் இருந்து, விடியுமுன் அவற்றுக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல பத்திலிருந்து பதினைந்து மடங்கு வரை ஏறியிருக்கும். அந்த நேரத்தில் கத்தி பட்டால் பால் பீறிட்டு வரும், சிரட்டை நிறையும். வெயில் வந்து இலைத்துளை திறந்ததும் கட்டை இறுகி, பட்டையிலிருந்தும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பால்குழாய் தொய்ந்துவிடும். எட்டு மணிக்கு வெட்டினால் அதே மரம் கஞ்சத்தனம் காட்டுவது அதனால்தான். "வெயிலு வந்தா மரம் பால உள்ள வாங்கிரும் அக்கா" என்று அந்த அண்ணன் சொல்வார். உள்ளே வாங்குவது பாலை அல்ல, தண்ணீரை. மற்றபடி அவர் சொல்வதில் திருத்த ஒன்றும் இல்லை.

பால் வெட்டும் கீற்று இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து போவதற்கும் காரணம் இருக்கிறது. பால்குழாய்கள் நேர்குத்தாக நிற்பதில்லை, சற்றே சாய்ந்து மரத்தைச் சுற்றுகின்றன. அப்படிச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். கத்தி ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் சீவக் கூடாது. ஆழம் போய்க் கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். புதிதாக வெட்டப் பழகுகிறவர்கள் கை வைத்த மரங்களை விளையில் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடலாம்.

பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளையிலும் இதே கடிகாரம்தான். பிச்சியும் மல்லிகையும் பறிக்கிறவர்கள் டார்ச் லைட்டோடு இருட்டில் இறங்குவதற்குச் சந்தை சீக்கிரம் கூடுவது ஒரு காரணம். இன்னொன்று, அந்த நேரத்தில் மொட்டு தண்ணீர் ஏறி விறைப்பாக இருக்கும். வெயிலில் பறித்த மொட்டுக்குச் செடி ஏற்கெனவே தண்ணீர் கடன்பட்டிருக்கும். மாலை கட்டுமுன் தளர்ந்துவிடும்.

வாழைக்கு விளக்கமே வேண்டாம். மதியம் பன்னிரண்டுக்கு வாழையிலை நடுநரம்பின் இருபக்கமும் கீழே மடிந்து தொங்கும், ஐந்து மணிக்கு மறுபடி விரியும். மண்ணில் ஈரம் இருந்தாலும் மடியும். வேர் அனுப்புவதைவிட இலை விடுவது கூடிப்போகிற நேரம் அது. அதைப் பார்த்துப் பதறி மதியமே தண்ணீர் பாய்ச்சுகிறவர்களைப் பார்த்தால் அப்பாவுக்குச் சிரிப்பு வரும். சாயங்காலமும் விரியவில்லை என்றால்தான் வெள்ளம், அதாவது தண்ணீர், கேட்கிறது என்று அர்த்தம் என்பார்.

அப்பா சிரித்தவர்களில் நானும் உண்டு, வேறொரு காரியத்துக்காக. விளையைப் பார்க்க ஆரம்பித்த முதல் வருஷம் மட்டி வாழைக் கன்று பத்து வைத்தேன். ஒரே மாதத்தில் பலன் பார்க்கிற அவசரம். யூரியாவும் பொட்டாஷும் கையால் அள்ளி மூட்டோடு ஒட்டிப் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பஸ் ஏறினேன். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால் ஆறு கன்று தீயில் வாட்டியது போல நிற்கிறது. மண் ஈரமாகத்தான் இருந்தது. தண்ணீர் குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அப்பா திண்ணையிலிருந்து, "உரம் சுட்டுட்டு மக்ளே, அதுக்கு வெள்ளம் கொடுக்காத, அது உள்ளதையும் கக்குது" என்றார்.

அவர் சொன்னது அப்படியே நிஜம். தண்ணீர் உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு கூடிய பக்கம் போகும். வழக்கமாக வேருக்குள்ளேதான் உப்பு கூடுதல், அதனால் மண்ணிலிருந்து உள்ளே வரும். நான் மண்ணை ஊறுகாய் ஜாடி ஆக்கிவிட்டேன். மாங்காயிலிருந்து தண்ணீர் இறங்குவது போல வேரிலிருந்து வெளியே இறங்கியிருக்கிறது. ஆறில் இரண்டு பிழைத்தது.

எதிர்த்திசையிலும் அடி வாங்கியிருக்கிறேன். ஐப்பசி மழையில் கிணற்றடியில் நாலு நாள் தண்ணீர் கட்டி நின்றபோது, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே வாழை வாடியது. தண்ணீருக்குள் நிற்கும் செடி தாகத்தால் வாடுவதைப் பார்ப்பது ஒரு மாதிரிதான். வேருக்கும் மூச்சு வேண்டும். செல் சவ்வுகளில் தண்ணீர் நுழைவதற்கென்றே புரத வாசல்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பிராணவாயு இல்லாமல் வேர் மூச்சுத் திணறும்போது அந்த வாசல்கள் சாத்திக்கொள்கின்றன. வாசலுக்கு வெளியே வெள்ளம், உள்ளே வறட்சி.

உரத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது வான் ஹெல்மான்ட். பெல்ஜியத்துக்காரர். 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் நிறைத்து 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணைக் காயவைத்து எடை போட்டால் இரண்டு அவுன்ஸ் மட்டும் குறைந்திருந்தது. அவர் இறந்த பிறகு, 1648-இல் இது அச்சில் வந்தது. மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார். காற்றிலிருக்கும் கரியை அவர் கணக்கில் எடுக்கவில்லை, அது அந்தக் காலத்துக் குறை. என்னை உறுத்துவது அந்த இரண்டு அவுன்ஸ். ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியில்தான் மண்ணிலிருந்து மரம் வாங்கிய தழை, மணி, சாம்பல் சத்தும், மெக்னீசியமும், போரானும், துத்தநாகமும் எல்லாம் அடக்கம். அவர் எடை போட்டுத் தள்ளிவிட்டதைத்தான் நாம் மூட்டை மூட்டையாகக் கடையில் வாங்குகிறோம்.

இவை தண்ணீரோடு சும்மா மிதந்து உள்ளே போய்விடுவதில்லை. வேரைச் செங்கல் சுவராக நினைத்துக்கொண்டால் புரியும். வெளிப்பக்கத்தில் தண்ணீர் செங்கலுக்கு நடுவே உள்ள சாந்து வழியாகவே ஊறி வந்துவிடலாம். நடுவில் ஒரு வரிசையில் மட்டும் சாந்துக்கு மெழுகு பூசியிருக்கிறது. காஸ்பாரியன் பட்டை என்று பெயர். அங்கே வந்ததும் தண்ணீரும் உப்பும் செங்கலுக்குள், அதாவது உயிருள்ள செல்லுக்குள், நுழைந்துதான் ஆக வேண்டும். எது உள்ளே, எது வெளியே என்ற தீர்ப்பு அங்கே நடக்கிறது. தண்ணீருக்காகப் பைசா செலவழிக்காத மரம் இங்கே கைக்காசைப் போட்டு உப்புகளை இழுக்கிறது. நாம் டானிக் கட்டும்போது வேரை வெட்டுவது ஏன் என்பதும் இதில் விளங்கியது. வெட்டு முனையில் அந்த மெழுகு வரிசையே குறுக்கே நிற்காது, குழாய் வாய் திறந்தபடி கிடைக்கும். ஒரு வகையில் பின்வாசல் வழியாகப் போவதுதான்.

மரத்துக்கு எந்தச் சத்து போதவில்லை என்று பார்க்க ஒரு வழி உண்டு. எந்த ஓலை முதலில் கெடுகிறது என்று பாருங்கள். சாம்பல் சத்தும் மெக்னீசியமும் குறைந்தால் மரம் பழைய ஓலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும், அதனால் அடி ஓலைகள் மஞ்சளாகும். போரான் அப்படித் தென்னையில் எளிதாக இடம் மாறாது. குறைந்தால் அடி ஓலைகள் பச்சையாக இருக்கும், புதுக் குருத்து மட்டும் விரியாமல், ஓலைக்கீற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கி வரும். முதல் மூன்று வருஷம் நான் எல்லா மஞ்சளுக்கும் யூரியா போட்டேன். அதை இங்கே எழுதிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை.

பழைய ஓலையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற குழாய் வேறு. அதுதான் புளோயம். இலை சமைத்த சர்க்கரையைச் சுமந்து போவது. அதன் ருசி தெரிய வேண்டுமென்றால் அகஸ்தீஸ்வரம் பக்கம், அம்மாவின் ஊருக்கு வர வேண்டும். பனையில் இறக்கும் அக்கானி (பதநீர்) என்பது வேறொன்றும் இல்லை, புளோயத்தின் சாறு. சைலம் கயிறாக இழுக்கிறது, புளோயம் விம்மித் தள்ளுகிறது. இலைப் பக்கம் சர்க்கரை குவியக் குவிய, பக்கத்துச் சைலத்திலிருந்து தண்ணீர் உள்ளே வந்து, அழுத்தம் ஏறி, சர்க்கரை செலவாகும் இடத்தை நோக்கி ஓடும். எர்ன்ஸ்ட் முன்ச் என்ற ஜெர்மானியர் 1930-இல் இதை முழுதாக எழுதினார். பனையேறி மாமா ஒருவர் எனக்குச் சிறுவயதில் சொன்னது வேறு மாதிரி: "பாளை பிள்ளைக்குக் கொடுக்கப் போற பாலை நாம இடையில வாங்குகோம்." இரண்டும் ஒன்றுதான்.

புளோயம் உயிருள்ள குழாய், அதனால் காயம் பட்டால் தானே அடைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் காலையும் மாலையும் ஏறிப் பாளை நுனியை மெல்லிசாகச் சீவிவிடுகிறார்கள். கடிப்பு என்ற கருவியால் பாளையை நசுக்கிப் பதப்படுத்துவதும் அடைப்பைத் தள்ளிப்போடத்தான். ஒருநாள் ஏறாவிட்டால் பாளை அடைத்துவிடும். பால்வெட்டுக்காரரும் பனையேறியும் வேறு வேறு மரத்தில், வேறு வேறு குழாயில், ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்: மரம் அடைத்ததை ஒரு சீவல் சீவித் திறப்பது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும், அது தனிக் கதை.

இப்போது தென்னந்தோப்புகளில் ஓலைமேல் கரி பூசியது போல இருக்கிறதே, அதுவும் புளோயம்தான். சுருள் வெள்ளை ஈ ஓலைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றைக் குடிக்கிறது. சர்க்கரை மிஞ்சிப்போய் வெளியே விடுகிறது. கீழ் ஓலையில் விழுந்த அந்தத் தேனில் கரும்பூசணம் வளர்கிறது. அக்கானி காய்ச்சும் வீட்டில் சிந்தினால் எறும்பு வருவது போல.

அம்மாவின் ஊரிலிருந்து மணக்குடிக் காயல் பக்கம்தான். பழையாறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்தி மரங்கள் உப்புத் தண்ணீரில் வேரை விட்டுக்கொண்டு நிற்கின்றன. கடல்நீரிலிருந்து நல்ல தண்ணீரைப் பிரிக்க வேண்டுமென்றால் காற்றழுத்தத்தைப் போல இருபத்தைந்து மடங்கு இழுக்க வேண்டும். அவை இழுக்கின்றன, உள்ளே ஏறுவது ஏறக்குறைய நல்ல தண்ணீர். பெர் ஸ்கொலாண்டர் என்பவர் 1965-இல் இதை அளந்து காட்டினார். உயர்ந்த மரங்களின் உச்சிக் கிளை வேண்டும் என்று அவர் துப்பாக்கியால் சுட்டு விழ வைத்தார் என்று படித்தபோது, நம் ஊரில் ஒரு தேங்காய் வெட்டுகாரரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று தோன்றியது.

போன ஐப்பசியில் மறுபடி டானிக் கட்டும் முறை வந்தது. சனிக்கிழமை காலையில் நாலு மரத்துக்குக் கட்டினேன். மதியம் மழை பிடித்தது. ஞாயிறு விடாத மழை. சாயங்காலம் குடையோடு போய் மண்ணை விலக்கிப் பார்த்தால் கவரில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. வேரைத் தப்பாக வெட்டிவிட்டேனோ, கட்டு தளர்ந்து மழைத்தண்ணி இறங்கிவிட்டதோ என்று அவிழ்க்கப் போனேன்.

"தொடாத," என்றார் அப்பா. "மானம் வெளுக்கட்டும்."

திங்கட்கிழமை லீவு போட்டேன், கவருக்காக என்று ஆபீசில் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு வெயில் வந்தது. பதினொன்றுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் கவரில் ஒரு விரற்கடை மிச்சம். நாங்கள் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தோம். கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அவன் அண்ணாந்து கொண்டையைப் பார்த்தான், பிறகு கவரைப் பார்த்தான். ஓலைகள் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன. அரைமணி நேரத்தில் பிளாஸ்டிக் சுருங்கி வேரோடு ஒட்டிக்கொண்டது.

"அடுத்ததப் பாப்போம் அத்தே," என்று எழுந்தான்.